'நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்'னு செய்தி வருது... குழல் எத்தனை மில்லிமீட்டர்னு யாராவது கேட்டோமா?

மலையடிவார ஊர்களின் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு இந்த நாலு வரி மனப்பாடம். 'ரோந்து சென்ற போலீஸார், சந்தேகப்படும்படி நின்ற ஒருவரைப் பிடித்து விசாரித்தனர். அவரிடம் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இருந்தது. துப்பாக்கி பறிமுதல் செய்யப்பட்டது. அவர் கைது செய்யப்பட்டு சிறையில் அடைக்கப்பட்டார்.' அவ்வளவுதான், செய்தி முடிந்தது.

செஞ்சியை அடுத்த வல்லம் பக்கம் இந்தச் செய்தியை யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. பாறைக் குன்றுகள், அவற்றை ஒட்டிப் புதர்க்காடு, அதையொட்டி மல்லாட்டைக் கொல்லை என்று இருக்கிற ஊர்கள் அவை. காட்டுப்பன்றி ஒரு ராத்திரி இறங்கினால் மூணு மாச உழைப்பு போச்சு. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் விளைநிலத்துக்கு வரும் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் சுட வேண்டியது வனத்துறை, விவசாயி இல்லை. அதனால் உரிமம் இல்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால் வழக்குதான். அதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை.

ஆனால் அந்த நாலு வரியில் ஒரு விவரம் எப்போதும் விட்டுப்போகிறது. அது அந்தத் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். 'அட, அதுல என்ன இருக்கு?' என்று தோன்றலாம். அதில் ஒருவருடைய சிறைவாசம் 2 வருஷமா, 7 வருஷமா என்பது இருக்கிறது. அதனால்தான் அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்று கேட்பது போலீஸ், ஆய்வகம், வக்கீல், செய்தியாளர் எல்லோருடைய வேலையாகவும் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் துப்பாக்கிகளுக்கான அடிப்படைச் சட்டம், 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 2019 டிசம்பரில் இதைத் திருத்தி தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள்.

உரிமம் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தால் 25(1பி)(ஏ) பிரிவு. குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அதே ஆள் கையில் இருந்தது 'தடை செய்யப்பட்ட ஆயுதம்' என்றால் 25(1ஏ) பிரிவு. குறைந்தபட்சமே 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு.

சரி, எது தடை செய்யப்பட்டது? பேச்சுவழக்கில் 'பி.பி.', 'என்.பி.பி.' என்பார்கள். புரொஹிபிட்டட் போர், நான் புரொஹிபிட்டட் போர். இந்தப் 'போர்' யுத்தம் இல்லைங்க, குழலின் துளை. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய .303, 7.62 மி.மீ. ரைஃபிள்கள், 9 மி.மீ. பிஸ்டல்கள் போன்றவை தடைப் பட்டியலில் வரும். வாய்வழியாகக் கரிமருந்தும் ஈயக்குண்டும் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி அந்தப் பட்டியலில் வராது.

பொம்மை மாதிரி கடையில் விற்கும் ஏர்கன்னுக்கும் இதே கதைதான். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மி.மீ.க்கு மேல் போனாலோ, வேகத்தின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் சுட்ட 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 4.5 மி.மீ. குழல் கொண்டது. அதற்குப் பக்கத்திலேயே 5.5 மி.மீ. குழல் கொண்ட ஏர்கன் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒண்ணுதான். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டரில் உரிமம் தேவையா, இல்லையா என்பதே மாறிவிடும்.

'12 போர்'னா 12 மில்லிமீட்டரா?

இல்லை. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பழைய காலத்தில் துளையைத் துல்லியமாக அளப்பது எளிதில்லை. அதனால் எடையை வைத்து அளந்தார்கள். ஒரு பவுண்டு ஈயத்தை எடுத்து, ஒரே அளவில் 12 உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலில் கச்சிதமாக நுழையுமோ அது 12 போர். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் உருண்டை சுமார் 37.8 கிராம், விட்டம் சுமார் 18.5 மி.மீ. அதனால்தான் 16 போர், 12 போரைவிடச் சின்னது. எண் கூடினால் துளை குறையும்.

செஞ்சிக்கோட்டை ராஜகிரி உச்சியில் பீரங்கி கிடக்கிறது. அந்தக் காலப் பீரங்கிகளுக்கும் எடைக் கணக்குதான். 12 பவுண்டு இரும்புக் குண்டு போட்டால் '12 பவுண்டர்'. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை அது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள் கைப்பற்றினார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மராத்தியக் கோட்டைகளோடு சேர்ந்தது. இந்த ஊருக்குக் குழல் ஒன்றும் புதுசில்லை.

பீரங்கியில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். 12 பவுண்டு குண்டின் விட்டம் சுமார் 11 சென்டிமீட்டர். குழலின் துளை அதைவிட நாலைந்து மில்லிமீட்டர் பெரிசாக இருக்கும். குண்டு வாய்வழியாக உருண்டு உள்ளே போகணுமே, அதற்காக. ரைஃபிளில் கதை தலைகீழ். அங்கே குண்டு துளையைவிடப் பெரிசு! அது எப்படி நுழையும்?

மேடும் பள்ளமும்

ரைஃபிளின் உட்புறம் வழவழப்பாக இருக்காது. நீளவாக்கில், முறுக்கிய கயிறு மாதிரி சுற்றிச் சுற்றிப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் வெட்டாமல் விட்ட இடம் மேடு. வெடிக்கும்போது குண்டு இந்த மேடுகளில் நெருக்கி அழுந்தி, பள்ளத்தை நிரப்பிக்கொண்டு, சுழன்றபடியே வெளியே வரும். பம்பரம் சுற்றும்போது சாயாமல் நிற்கிறதே, அதே தத்துவம்தான். சுழலும் குண்டு நேராகப் போகும்.

ஆக, ஒரு ரைஃபிள் குழலுக்கு ஒரு விட்டம் இல்லை, இரண்டு. மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு அளந்தால் வருவது துளை விட்டம். பள்ளத்திலிருந்து எதிர்ப் பள்ளத்துக்கு அளந்தால் வருவது பள்ள விட்டம். 7.62 மி.மீ. ராணுவ ரைஃபிளில் மேட்டு அளவு 7.62; பள்ள அளவு சுமார் 7.82. இன்சாஸ் ரைஃபிளில் 5.56-ம் 5.69-ம். பெயரில் இருக்கும் எண் மேட்டுக் கணக்கு. வெளியே வரும் குண்டின் தடிமன் கிட்டத்தட்ட பள்ளக் கணக்கு.

நாட்டுத் துப்பாக்கியில் இந்த மேடு பள்ளம் எதுவும் கிடையாது. வெறும் வழவழப்பான குழாய். சட்டத்துக்கும் தடயவியலுக்கும் முதல் கேள்வியே இதுதான்: உள்ளே வரி இருக்கா, இல்லையா?

0.3 மில்லிமீட்டர் வித்தியாசம்

இந்தியப் போலீஸ் ரொம்ப காலம் தோளில் தூக்கியது .303 ரைஃபிள். அங்குலத்தில் 0.303, அதாவது 7.70 மி.மீ. இது தடைப் பட்டியலில் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில், ராணுவத் தோட்டா பொதுமக்களின் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பதற்காகவே .315 என்ற அளவில் வேட்டை ரைஃபிள் வந்தது. அதாவது 8.0 மி.மீ. மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை செய்யும் இந்த ரைஃபிளுக்கு இன்றும் பொதுமக்கள் உரிமம் வாங்கலாம். தடை செய்யப்பட்டதற்கும் செய்யப்படாததற்கும் நடுவில் துளையில் இருக்கும் தூரம், 0.3 மி.மீ. தலைமுடி நாலைந்தை அடுக்கினால் வருகிற கனம்!

இப்போ ஒரு சிக்கலைப் பாருங்க. .303 லீ என்ஃபீல்டு ரைஃபிள்களில் பொதுவாக 5 பள்ளங்கள் இருக்கும். ஒற்றைப்படை எண். ஒற்றைப்படை என்றால், ஒரு மேட்டுக்கு நேர் எதிரே இன்னொரு மேடு இருக்காது, பள்ளம்தான் இருக்கும். கடைகளில் கிடைக்கும் வெர்னியர் காலிப்பரின் இரண்டு தாடைகளைக் குழல் வாயில் விட்டு விரித்தால், அது ஒரு பக்கம் மேட்டையும் மறு பக்கம் பள்ளத்தையும் தொடும். வருகிற எண் மேட்டு விட்டமும் இல்லை, பள்ள விட்டமும் இல்லை; இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

ஆக, ஒரே குழலில் மூன்று எண் எடுக்கலாம். மேட்டில் அளந்தால் 7.7. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அளந்தால் 7.8 சொச்சம். பள்ளத்தில் அளந்தால் ஏறக்குறைய 7.95. கடைசி எண்ணைப் பாருங்க. அது .315 ரைஃபிளின் பெயர் அளவான 8.0-ஐ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எங்கே அளந்தோம் என்று எழுதாத அறிக்கையை வைத்து, தடை செய்யப்பட்ட ரைஃபிளை அனுமதிக்கப்பட்டது என்றும், அனுமதிக்கப்பட்டதைத் தடை செய்யப்பட்டது என்றும் வாதாட முடியும்.

அப்போ எப்படித்தான் சரியா அளப்பது?

முதல் வேலை, துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்வது. அடுத்தது சுத்தம். உள்ளே கரியும் துருவும் ஈயப்படிவும் ஒட்டியிருந்தால் துளை சின்னதாகக் காட்டும். அதே சமயம் குழல் வாய் பல வருஷம் குச்சி விட்டுத் துடைத்துத் துடைத்துத் தேய்ந்திருக்கும். அங்கே பெரிசாகக் காட்டும். அதனால் வாயில் மட்டும் அளந்து முடிவுக்கு வரக் கூடாது. உள்ளே பல இடங்களில், பல கோணங்களில் அளக்கணும்.

மேட்டு விட்டத்துக்கு பிளக் கேஜ் நல்ல வழி. லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வரிசையாக எஃகு உருளைகள். 7.70 நுழைகிறது, 7.71 நுழையவில்லை என்றால், விட்டம் அந்த இரண்டுக்கும் நடுவில். மூன்று முனைகளால் தொடும் போர் கேஜும் உண்டு. ஆனால் அதன் முனைகள் எதைத் தொடுகின்றன, மேட்டையா பள்ளத்தையா என்று பார்க்க வேண்டும்.

பள்ள விட்டத்துக்கு இன்னும் எளிய, பழைய வழி ஒன்று உண்டு. துளையைவிடக் கொஞ்சம் பெரிய மெத்தென்ற ஈயத்துண்டைக் குழலுக்குள் மெதுவாகத் தட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளுவது. வெளியே வரும் ஈயத்தில் குழலின் உட்புறம் அச்சாகப் பதிந்திருக்கும். அதை மைக்ரோமீட்டரில் அளக்கலாம். பள்ளம் ஒற்றைப்படை என்றால் சாதாரண மைக்ரோமீட்டர் போதாது, 'வி' வடிவ அடித்தாங்கி உள்ளது வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் வேலை பாதிதான். காரணம், சட்டம் துளையை மட்டும் கேட்கவில்லை. 'ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுட முடியுமா?' என்றும் கேட்கிறது. நல்ல உதாரணம், ஈஷாப்பூர் செய்யும் .30-06 வேட்டை ரைஃபிள். அதன் துளையும் 7.62 மி.மீ.தான், ராணுவ ரைஃபிளைப் போலவே. ஆனால் அதன் தோட்டா உறை 63 மி.மீ. நீளம், ராணுவத் தோட்டா உறை 51 மி.மீ. தோட்டா உட்காரும் அறை வேறு. அதனால் அது தடைப் பட்டியலில் இல்லை. துளையை மட்டும் அளந்துவிட்டு '7.62, தடை செய்யப்பட்டது' என்று எழுதினால் தப்பு. தோட்டா அறையையும் அச்சு எடுத்து அளக்க வேண்டும்.

சுட்டது அரசுத் துப்பாக்கியா இருந்தா?

இந்த அளவுகள் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து குண்டை எடுத்தார்கள். ஆனாலும் 2022 ஜனவரி 3 அன்று சிறுவன் இறந்துபோனான். மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த நாள் அது. தமிழகக் காவலர்களும் பயிற்சி எடுத்ததாகத் தகவல் வந்தது. எல்லோரும் கேட்ட முதல் கேள்வி: அது யார் துப்பாக்கி?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வேலை குண்டின் விட்டத்தில்தான் தொடங்கும். 5.7 மி.மீ. ஒட்டி இருந்தால் இன்சாஸ் வகை. 7.8 என்றால் 7.62 வகை. 9 என்றால் கார்பைன் அல்லது பிஸ்டல். விட்டம் 'இந்தத் துப்பாக்கிதான்' என்று சொல்லாது. 'இந்த வகைத் துப்பாக்கிகள் இல்லை' என்று கழித்துக்கட்டும். மீதி இருப்பவற்றில் எது என்று சொல்வது, மேடு பள்ளங்கள் குண்டின் மேல் கீறிவிட்டுப் போன நுண்ணிய கோடுகள். தார்வாடில் 2015-ல் கல்புர்கியையும், பெங்களூருவில் 2017-ல் கௌரி லங்கேஷையும் சுட்டது ஒரே 7.65 மி.மீ. துப்பாக்கி என்று கர்நாடக தடய அறிவியல் ஆய்வகம் சொன்னது இப்படி ஒப்பிட்டுத்தான்.

வரி இல்லாத நாட்டுத் துப்பாக்கியில் இந்தக் கோடுகள் விழாது. அதனால் ஒரு ஊரில் நாட்டுத் துப்பாக்கியால் ஒருவர் செத்துப்போனால், எந்தத் துப்பாக்கி என்று கண்டுபிடிப்பது கஷ்டம். வைத்திருந்த எல்லோர் மேலும் சந்தேகம் விழும். அந்த மாதிரி வழக்கில் குழலின் அளவு, உள்ளே இருந்த மருந்து, குண்டுகளின் பருமன் என்று கிடைக்கிற ஒவ்வொரு சின்ன விவரமும் தங்கம்.

'துப்பாக்கி துப்பாக்கிதானே?'

இந்த எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கி சாதுவான பொருள் இல்லை. வேட்டைக்குப் போன இடத்தில் பன்றி என்று நினைத்துக் கூட வந்தவரையே சுட்ட சம்பவங்கள் நடக்கின்றன. குழல் வெடித்து வைத்திருந்தவர் கையே போவதும் உண்டு. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். எத்தனை மில்லிமீட்டராக இருந்தாலும் குற்றம்.

'அதெல்லாம் ஆய்வகம் பார்த்துக்கும்' என்பது இன்னொரு வாதம். பார்த்துக்கொள்ளுமா? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில்தான் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வருவதைக் கட்டாயமாக்குகிறது. நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த வழக்கின் உச்ச தண்டனை 5 ஆண்டு. ஆக, நிபுணர் நேரில் வர வேண்டிய கட்டாயம் இல்லை. துப்பாக்கியை முதலில் கையில் எடுத்து, அது என்ன வகை என்று எழுதுவது ஸ்டேஷன் போலீஸ்காரர்தான். எழுதும் அந்த ஒரு வரிதான் எந்தப் பிரிவில் வழக்கு என்பதையும், ஜாமீன் மனுவின் போக்கையும் முதல் நாளிலேயே முடிவு செய்கிறது. ஆய்வக அறிக்கை பிறகுதான் வரும்.

தண்டனையை 2 ஆண்டு, 7 ஆண்டு என்று பிரித்து வைத்தது சட்டமே. பிரித்து வைத்த பிறகு, எந்தப் பக்கம் என்று கண் மதிப்பில் முடிவு செய்யக் கூடாது. மளிகைக் கடைத் தராசுக்கே ஆண்டுதோறும் முத்திரை கேட்கிற ஊர் இது. ஒரு மனிதனின் ஐந்து வருஷத்தை அளக்கும் காலிப்பருக்கு அதைக் கேட்கக் கூடாதா?

என்ன மாறணும்?

பெரிய செலவு எதுவும் இல்லை. பறிமுதல் மகஜரில் '12 போர்' என்றோ '.303' என்றோ உத்தேசமாக எழுதுவதை போலீஸ் நிறுத்தலாம். குழலில் வரி இருக்கிறதா, மருந்து வாய்வழி போகிறதா பின்வழியா, குழலின் நீளம் எவ்வளவு, மேலே என்ன எழுத்து பொறித்திருக்கிறது என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினால் போதும். விட்டத்தை ஆய்வகம் சொல்லட்டும்.

ஆய்வக அறிக்கையில் வெறும் எண் போதாது. எந்தக் கருவி, கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, குழலின் எந்த இடத்தில், மேட்டிலா பள்ளத்திலா, எத்தனை முறை, தோட்டா அறையின் அளவு என்ன? இந்த விவரங்கள் அரைப் பக்கம்கூட வராது. இலவச சட்ட உதவியில் வாதாடும் வக்கீலும் குறுக்கு விசாரணையில் இதே கேள்விகளைக் கேட்கலாம். நிபுணர் கருத்து என்பதாலேயே அது கேள்வி கேட்க முடியாத வேதவாக்கு ஆகிவிடாது.

செய்தி எழுதுகிறவர்களுக்கும் பங்கு உண்டு. 'பயங்கர ஆயுதம் பறிமுதல்' என்று தலைப்பு போடுவதற்கு முன், அது வாய்வழி கெட்டிக்கும் வழவழப்பான குழாயா, இல்லை வரி போட்ட ராணுவ ரைஃபிளா என்று ஒரு போன் போட்டுக் கேட்டால் போதும். முன்னது மல்லாட்டைக் கொல்லைக்குக் காவல் இருந்தவரின் கதையாக இருக்கலாம். பின்னது ராணுவக் கிடங்கிலிருந்தோ கடத்தல்காரரிடமிருந்தோ வந்த கதையாக இருக்கலாம். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால் முன்னவருக்கு அநியாயம் நடக்கும். பின்னவர் சத்தமில்லாமல் தப்பிப்பார்.

ஒருவேளை கொல்லையிலோ பழைய வீட்டுப் பரணிலோ இப்படி ஒரு குழல் உங்கள் கண்ணில் பட்டால், நீங்கள் அளந்து பார்க்க வேண்டாம். உள்ளே மருந்து இருக்கலாம். தொடாமல் போலீஸுக்குச் சொல்லுங்கள். அதை அவர்கள் எடுத்துப் போகும்போது மகஜரில் என்ன எழுதுகிறார்கள் என்பதை மட்டும் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.